அஞ்சலை வீட்டு எட்டுக் கேள்விகள்

கணக்கெடுப்புப் பயிற்சி வகுப்பில் எட்டுக் கேள்விகளையும் உங்களுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில், கையில் காசோ வேறு வழியோ இல்லாமல், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டீர்களா என்பதில் தொடங்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். கையிலிருக்கிற டேப்லெட்டில் விரலை வைத்தால் வேலை முடிந்தது. இதில் என்ன பெரிய கஷ்டம் என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு ஊக்கம் வர்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார்கள். ஊக்கத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது கோபம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் அடங்கவில்லை. அதில் பெரும்பங்கு என் மேலேயே இருக்கிறது. அதனால் வீட்டில் தினமும் அதோடுதான் குடித்தனம். கேட்க இஷ்டமில்லாதவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

விழுப்புரம் அலுவலகத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது கலைவாணி என்ற பெண் எனக்குக் கீழே கணக்கெடுத்தாள். திண்டிவனத்துக்காரி, என் மகள் வயசு. ஒப்பந்த வேலை. ஒரு சர்வே முடிந்தால் அடுத்த சர்வேக்கு மறுபடியும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ஊருக்குப் போவாள். மற்றவர்கள் ஒரு நாளில் ஆறு வீடு முடித்தால் அவள் மூன்று வீடு முடிப்பாள். "என்னம்மா, வீடு வீடா சம்பந்தம் பேசிக்கினு வர்றியா?" என்று நானே கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் வேலை செய்கிற விதம் அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்காலி கொண்டுவந்து போட்டால் உட்கார மாட்டாள். நேராகப் பின்பக்கம் போய்விடுவாள். அந்த வீட்டுப் பெண் பாத்திரம் தேய்த்தால் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வாள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, யார் யார் என்ன வேலை என்று ஆண்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிடுவாள். எட்டுக் கேள்வியை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்வாள். ஆம்பிளை வெளியே போகிறவரை, பக்கத்து வீட்டுக்காரி கிளம்புகிறவரை காத்திருப்பாள். டீ கொடுத்தால் "தண்ணி போதுங்க்கா" என்பாள். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

காணைக்கு அப்பால் ஓர் ஊர். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர்தான், வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். அந்த ஊர்க் காலனியில் கலைவாணி எடுத்த வீடுகளில் ‘ஆம்’ நிறைய வந்தது. ஒரு வீட்டில் எட்டுக்கு எட்டு. அஞ்சலை என்கிற பெண்ணின் வீடு. கணவன் கட்டட வேலைக்கு பெங்களூர் போய் ஒழுங்காகப் பணம் அனுப்பாதவன். இரண்டு பெண் பிள்ளைகள். கரும்பு வெட்டு இருந்தால் அஞ்சலைக்குக் கூலி, இல்லையென்றால் இல்லை.

விவரங்கள் மேலே போன இரண்டாம் நாள் என் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரர், எனக்கு ஒரு நாளும் மரியாதைக் குறைவு செய்ததில்லை. அன்றும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், உங்க பொண்ணு சர்வே எடுக்குதா, கதை எழுதுதா? ரேஷன்ல அரிசி சும்மா குடுக்கறோம். பக்கத்து ஊரெல்லாம் சுத்தமா ‘இல்லை’ன்னு வருது. இங்க மட்டும் ஒரு நாள் பூரா பட்டினின்னு எப்படி சார் வரும்? நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க. அந்த எட்டு வீட்டையே பாருங்க."

எட்டு ‘ஆம்’ வந்த வீட்டைத்தான் அவர் எட்டு வீடு என்றார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டுமாவது எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வருட வேலையில் ஒரு ‘இல்லை’யைப் போய்ச் சரிபார்த்துவிட்டு வா என்று என்னை யாரும் அனுப்பியதில்லை. பக்கத்து ஊரில் வரிசையாக ‘இல்லை’ என்று வந்ததே, அதை எடுத்த பையன் எல்லா வீட்டிலும் வாசலில் நின்றபடி கேட்டவன். சில வீடுகளில் கேட்கவே கூச்சப்பட்டு அவனே போட்டுக்கொண்டவன். பின்னால் என்னிடம் அவனே சொன்னான். "சோறு இருக்கான்னு ஒரு வூட்டுல போய் எப்படி சார் கேக்கறது?" என்றான். அவன் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. ‘ஆம்’ என்று எழுதினால்தான் சந்தேகம். ‘ஆம்’ என்று எழுதினால்தான் ஜீப் கிளம்பும்.

கிளம்பியது. நான் முன் சீட்டில். ஊர் எல்லையில் தலையாரி ஏறிக்கொண்டார். வீடு காட்ட அவர் வேண்டும் என்று நானே போன் செய்து வரச் சொல்லியிருந்தேன். காலனித் தெருவுக்குள் ஜீப் நுழைந்தால் என்ன ஆகும்? தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நான் உட்கார்ந்தேன். தலையாரி ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். அஞ்சலை வாசற்படிக்கு உள்ளேயே நின்றுகொண்டார். முப்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு.

நான் நல்ல வளர்ப்பில் வந்தவன். ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

"சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சுங்க."

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் எவராவது ஆகவில்லை என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வாயில் ஒரு பருக்கை போகாதவர்கூட ஆச்சு என்றுதான் சொல்வார். அதை நான் அத்தனை பேர் காதில் விழச் சொல்ல வைத்துவிட்டு, அதற்கு மேல் எட்டுக் கேள்வியை எடுத்தேன். அதையும் அச்சில் இருக்கிறபடி கேட்கவில்லை. பெண்பிள்ளை கூசுகிறாரே என்று நயமாகக் கேட்டேன். "சாப்பாட்டுக்கெல்லாம் கஷ்டம் ஒண்ணும் இல்லியே?" "இல்லீங்க." "ஒரு வேளை சாப்பிடாம கிடந்தது, அப்படியெல்லாம் ஏதும் இல்லியே?" "அதெல்லாம் இல்லீங்க." தலையாரி வேறு பக்கத்திலிருந்து, "நம்ம ஊருல அந்த அளவுக்கு ஆரும் இல்லீங்க சார்" என்று எடுத்துக் கொடுத்தார். எட்டு முறை இல்லீங்க. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நடுவில் அஞ்சலை கொல்லைப்பக்கம் போனார். ஒரு டம்ளரை முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். நீங்கள் யாரும் பின்னால் வந்து ‘சார் கவனிக்கவில்லை போலிருக்கிறது’ என்று எனக்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் தலையாரிக்கும் டிரைவருக்கும் பாலும் சர்க்கரையும் போட்ட டீ வந்தது. குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று வேறு சொன்னேன். திரும்பி வரும்போது ஜீப்பில் எனக்குக் கலைவாணி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தப் பெண்ணை நம்பினோமே, நம்மைத் தலைகுனிய வைத்துவிட்டாளே என்று. ‘மறு ஆய்வில் எட்டு விடைகளும் பொருந்தவில்லை. கணக்கெடுப்பாளர் நேரில் கேட்காமல் பதிவு செய்திருக்க வாய்ப்புள்ளது’ என்று அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

மறுநாள் கலைவாணியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேராக என் மேசைக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"எதுல சார் போனீங்க?"

"ஜீப்புலதான்."

"கூட ஆரு?"

"தலையாரி."

"சேர்ல உக்காந்தீங்களா? டீ குடுத்தாங்களா?"

நான் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"அந்தப் பால் எங்கேருந்து வந்துச்சின்னு பாத்தீங்களா சார்? நான் போன அன்னிக்கு அந்தக்கா அடுப்பே பத்த வெக்கல. ரெண்டு மணி நேரம் பேசிக்கினு இருந்துட்டு, அப்புறமாத்தான் வாயத் தொறந்துச்சு. எங்கிட்ட சொன்னத தலையாரி முன்னாடி சொல்லுமா? நீங்களா இருந்தா சொல்வீங்களா?"

"நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். இருக்கிற பதில்களிலேயே கேவலமான பதில் அதுதான்.

"டேப்ல குறிப்பு எழுதியிருந்தேன் சார். நீங்க படிக்கல."

அவள் போன பிறகு தேடிப் பார்த்தேன். இருந்தது. குறிப்புக்கான இடத்தில் மூன்றே சொற்கள். சனி, ஞாயிறு, மழை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு முற்பகல் தனியாக பஸ்ஸில் காணைக்குப் போய், அங்கிருந்து நடந்தேன். அஞ்சலை கூலிக்கு மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலிக்கு ஆள் தேடினார். வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தேன். அவர் முதலில் கேட்டது, "அந்தப் பொண்ணு வர்லீங்களா?"

வேலை போய்விட்டது என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த மல்லாட்டையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் இல்லன்னு சொன்னதுக்கா? அதுக்கு வேல போவும்னு எனக்குத் தெரியாதேங்க."

"ஏம்மா அன்னிக்கு இல்லன்னு சொன்னீங்க?"

"தெருவே நிக்குதுங்க. நீங்க பெரியவரு, சேர்ல உக்காந்துக்கினு கஷ்டம் ஒண்ணும் இல்லியேன்னு கேக்குறீங்க. இருக்குதுன்னு எப்படிங்க சொல்றது? நாளைக்கு எம் புள்ளைங்கள சோத்துக்கு இல்லாத வூட்டுப் புள்ளைங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

அப்புறம்தான் அந்த மூன்று சொற்களின் கதையைச் சொன்னார். "ஸ்கூலு இருக்கறப்ப பேஜாரு இல்லீங்க. காலைல டிபன் போடறாங்க, மத்தியானம் சோறு. ரெண்டும் தின்னுட்டு வந்துடும். சனி, ஞாயிறுதான் எனக்குத் திக்கு திக்குன்னு இருக்கும். மழைக்கு லீவுன்னு டிவில சொன்னா தெருவுல புள்ளைங்க எல்லாம் குதிக்கும். நான் போய் கேப்பைப் பானையத் தொறந்து பாப்பேன். ரேஷன் கார்டு மாமியா பேருல இருக்குது, அரிசி அவங்க இருக்குற திருவெண்ணெய்நல்லூர்லயே நின்னுடுது. பேரு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துருக்கேன், இன்னும் வர்ல. மழையில வேலையும் கெடையாது. இருக்குற கேப்பையைக் கூழு காச்சி அதுங்களுக்கு ஊத்திடுவேன்."

"உங்களுக்கு?"

முறத்தை இழுத்து மறுபடியும் மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே, "ஆபீசுக்கு நானே வந்து சொல்லட்டுங்களா? நான் சொன்னதுதான பொய்யி, அது எழுதுனது நெஜம்தான" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தெருவுக்கு முன்னால் சொல்ல மாட்டாமல் கூசிய வார்த்தையை ஓர் அலுவலகத்துக்கு முன்னால் வந்து சொல் என்று யாராவது கூட்டிப்போவானா? நான் கூட்டிப்போனேன். என் எழுத்தை நானே மறுத்து எழுதுவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. போன் நம்பரைக் கொடுத்து, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கூப்பிடச் சொன்னேன்.

திங்கட்கிழமை வந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தார். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டியிருந்தார். அதிகாரியின் மேசைக்கு எதிரில் நின்றார். அந்த ஹாலில் எங்கள் ஆட்கள் எட்டு, ஒன்பது பேர் இருந்தார்கள். அதிகாரி டேப்பை எடுத்து, விதிப்படி எட்டுக் கேள்வியையும் உரக்கப் படித்தார். ஒரு சொல்லை விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அஞ்சலை, "ஆமாங்க" என்றார். மூன்றாவது கேள்வியிலேயே ஹாலில் கீபோர்டுச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பீரோ பக்கத்தில் நின்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாம இருந்திருக்கியாம்மா?"

"ரெண்டு நாளுங்க. சேந்தாப்புல. போன மழையில ஸ்கூலு லீவு வுட்டப்ப." பிறகு என்னைக் காட்டி, "இந்த ஐயாகிட்ட நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அத வேலைக்கு எடுத்துக்கோங்க" என்றார்.

அதிகாரி தலையை ஆட்டினார். "சரிம்மா, பாக்கறோம்" என்றார். அஞ்சலை கும்பிட்டுவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்கு வருவதற்குள் போக வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினார். ஒருவரும், நான் உட்பட, எழுந்து வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை.

அவர் போனதும் அதிகாரி என்னைக் கூப்பிட்டு வழி சொன்னார். கெட்டிக்காரர் என்று சொன்னேன் அல்லவா.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு பதில் போனா மேல நம்மளத்தான் சார் கேப்பாங்க. உங்க ரிப்போர்ட்டும் வேண்டாம், அந்தப் பொண்ணு எடுத்ததும் வேண்டாம். வீடு பூட்டியிருந்துதுன்னு போட்டுட்டு, பட்டியல்ல அடுத்த வீட்ட எடுத்துக்குவோம். படிவமே இல்லன்னா தப்பும் இல்ல. கலைவாணி நாளைக்கே வேலைக்கு வரட்டும். உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் நேரத்துல பிரச்சினை வேண்டாம்."

விளக்கக் கடிதம் ஒன்று தயாரானது. கணக்கெடுப்பாளர் கையெழுத்து, கீழே சூப்பர்வைசர் கையெழுத்து. சாயங்காலம் கலைவாணி வந்தாள். கடிதத்தை நின்றபடியே படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். காலையில் நடந்ததை அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தக்கா பஸ் ஏறி வந்து, இத்தினி ஆம்பிளைங்க முன்னாடி நின்னு சொல்லிட்டுப் போயிருக்குது. வீடு பூட்டியிருந்துதுன்னு நான் கையெழுத்துப் போடணுமா சார்?"

"போட்டா உனக்கு வேலை இருக்கும்மா" என்றேன்.

"எனக்கு வேலை இல்லன்னா ஊட்ல என்னா நெலமைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினுதான் கேக்கறீங்க."

டேப்பையும் அடையாள அட்டையையும் மேசை மேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னை அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கணக்கெடுப்பாளர் இடத்தில், ‘பணியிலிருந்து விலகிவிட்டார்’ என்றும் நானே எழுதினேன். அஞ்சலை வீட்டுக்குப் பதிலாக எடுத்த வீடு அதே ஊர்ப் பெரிய தெருவில் இருந்த மாடி வீடு. எட்டு ‘இல்லை’. அது உண்மையான ‘இல்லை’, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அறிக்கை வந்தபோது ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். நம் மாவட்டத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கணக்கில் அஞ்சலை பசியோடு இருந்தவராகவும் இல்லை, பசி இல்லாதவராகவும் இல்லை. அப்படி ஒரு பெண்ணே இல்லை. நாங்கள் அவர் வீட்டில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம்.

கலைவாணி இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். பண்டிகைக்குத் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டிய வேலை. "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவருக்குப் புடவை பிரித்துக் காட்டப் போய்விட்டாள். உங்களுக்கு நாளைக்கு ஒரு படிவத்தை நீட்டி, ஒரு வரியை மட்டும் மாற்றினால் எல்லோருக்கும் நல்லது என்று மரியாதையாகச் சொல்வார்கள். சத்தம் போட்டு மிரட்ட மாட்டார்கள், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது நீங்கள் என்னைப் போல் நடந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அசிங்கமாக இருக்கும்.

அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்ட மூன்றாம் நாள் எனக்கு ஒரு போன் வந்தது. யாருடைய போனிலிருந்தோ அஞ்சலை பேசினார்.

"ஐயா, அந்தப் பொண்ணுக்கு வேல குடுத்துட்டாங்களா?"

மேசைக்கு எதிரே ஆட்கள் இருந்தார்கள். "குடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

"அப்பாடா. அத்தினி பேரு முன்னாடி வாயத் தொறந்துட்டோமேன்னு மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்லீங்க. வெக்கமா இருந்துச்சு. இப்ப செரி. அதுக்கு வேல கெடச்சிதே, நான் வந்தது வீணாப் போவல."

"ஆமாம்மா" என்று சொல்லி போனை வைத்தேன். அது பொய் என்று இன்றுவரை நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.